சொத்தை உண்டாக்கியவர்

கரும்பு தின்னக் கூலி கேட்பார் உண்டா? செங்கழுநீர்ப்பட்டணத்தில் ஒரு பொங்கலுக்குக் கூலி தருகிறோம் என்றே கூப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் ஆள் வரவில்லை.

அந்த ஊர் ராஜா நல்லமருதருக்குப் பொங்கலன்று ஒரு வேடிக்கை வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் அரண்மனை முற்றத்தில் கரும்பைப் பல்லால் உரித்துத் தின்ன வேண்டும். முந்திக்கொண்ட பிள்ளைக்குப் பொற்காசு. அந்த வருஷம் கரும்பு கட்டுக்கட்டாகக் கிடந்தது. பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். வாயைத் திறக்கச் சொன்னால், அத்தனையும் கறுத்துப்போன பல்.

காரணம் ஊருக்கே தெரியும். கோட்டை வாசலில் மாசிலாமணியின் சர்பத் கடை. பேர்தான் சர்பத், முக்கால் குவளை வெல்லப்பாகு. குடித்தால் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். மோரைவிட மலிவு. பள்ளி விட்டால் பிள்ளைகள் வீட்டுக்கு வழி மறந்து நேரே அங்கேதான்.

மந்திரி கூத்தபிரானின் மகள் பூவாயியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஏழு வயது. வலப்பக்கம் வலித்ததும் இடப்பக்கமாகவே மெல்லப் பழகினாள். பிறகு இடப்பக்கமும் போயிற்று. இப்போது சோற்றைக் கரைத்துக் குடிக்கிறாள். வைத்தியர் கிராம்பு வைத்துப் பார்த்து அலுத்து, பாகு உள்ளே போகிறவரை பல் நிற்காது என்று கையை விரித்துவிட்டார். கூத்தபிரான் சபையைப் பகலெல்லாம் சிரிக்கவைப்பவர். மகள் சாப்பிட உட்கார்ந்தால் மட்டும், ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவார்.

அவர் ராஜாவிடம் சர்பத்துக்கு வரி போடச் சொல்லிக் கேட்டார். விலை ஏறினால் பிள்ளைகள் கை தானாக மோர்ப்பானைக்குப் போகும் என்றார்.

ராஜா தலையைச் சொறிந்தார். "பட்டம் கட்டிய அன்றைக்குப் புது வரி போடமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன், ஓய். இருக்கிற வரிக்குள் அவன் அகப்பட்டால் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் பேச்சை விடும்."

இருந்ததோ ஒரே வரி. வருஷப் பிறப்புதோறும் பறையறைந்து சொல்வது இது: சொத்தை உண்டாக்கியவன் வரி கட்ட வேண்டும். மாசிலாமணி அதற்கு அகப்பட்டதே இல்லை. வீடு மனைவி பேரில், தோப்பு மச்சான் பேரில், கடை மாமியார் பேரில்.

மறுநாள் அவரைச் சபைக்கு அழைத்தார்கள். கிழிந்த மேல்துண்டோடு வந்து நின்றார். ஊரின் வரிச்சட்டம் தெரியுமா என்று கூத்தபிரான் கேட்டார்.

"தெரியாமல் என்ன? சொத்தை உண்டாக்கியவன் வரி கட்ட வேண்டும். நான் உண்டாக்கியதாக ஒன்றைக் காட்டும், மந்திரியாரே. கண்ணால் கண்ட நிமிஷமே கட்டுகிறேன்."

"சபை அறியச் சொல்கிறீரா, முதலாளி?"

"சபை அறிய."

கூத்தபிரான் வாசல் பக்கம் கையசைத்தார். பூவாயி முன்னால் வர, ஊர்ப் பிள்ளைகள் பின்னால் வரிசையாக வந்தார்கள்.

"வாயைத் திற, கண்ணு. மகாராஜா, இது என்னவென்று தாங்களே சொல்ல வேண்டும்."

ராஜா குனிந்து பார்த்தார். "சொத்தை."

"அந்தப் பக்கம்?"

"அதுவும் சொத்தைதான், பாவம்."

"உண்டாக்கியவர் யாரம்மா?"

பூவாயி கையை நீட்டினாள். அத்தனை பிள்ளைகளும் மாசிலாமணியை நோக்கிக் கை நீட்டினார்கள். சிலர் பழக்கதோஷத்தில் குவளை வாங்குவதுபோல் நீட்டினார்கள்.

மாசிலாமணிக்கு வியர்த்துவிட்டது. பல் அவர்களுடையது, வலியை அனுபவிப்பதும் அவர்கள், இதில் நான் எங்கே வந்தேன் என்று குழறினார்.

"உலக வழக்கமே அதுதானே, ஓய்," என்றார் கூத்தபிரான். "சொத்தை உண்டாக்குகிறவர் ஒருவர். அனுபவிப்பது பிள்ளைகள்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. பல்லுக்கு இவ்வளவு என்று வரி விதித்தார். வரி ஏற, சர்பத் விலையும் ஏறியது. அப்புறம் மாசிலாமணி தானே பாகைக் குறைத்தார். கடை வாசலில் நின்றுகொண்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுப் போங்களேன் என்று பிள்ளைகளைக் கெஞ்சினார்.

பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்க இரண்டு பொங்கல் ஆயிற்று. மூன்றாம் பொங்கலுக்கு முற்றத்தில் நெரிசல். பூவாயி கரும்பைக் கடித்து இழுத்த சத்தம் சிம்மாசனம்வரை கேட்டது. கூத்தபிரான் இந்தத் தடவை எழுந்து போகவில்லை. கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைய காரியத்துக்கு உமக்கு ஒன்றும் தரவில்லையே ஓய், என்ன வேண்டும் கேளும் என்றார் ராஜா.

மகளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கூத்தபிரான் சொன்னார்: "கரும்பு தின்னக் கூலியா, மகாராஜா?"