காசித்தும்பை குடித்த சிவப்பு

கொல்லிமலை ஆசிரமத்தை விட்டுக் கிளம்புவதென்று குழந்தைவேலு ஒரே பிடியாய் முடிவு கட்டிவிட்டார். ஊருக்கு ஊர் குடிநீர்க் குழாய் போட்டு ஓய்வுபெற்ற இன்ஜினியர். வயது அறுபத்திரண்டு. குரு நாச்சியம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காலையிலேயே பெட்டியோடு அவர் முன்னால் போய் நின்றார்.

"பதினொரு மணி பஸ்ஸுக்குப் போறேம்மா. நேத்து வந்தவங்களுக்கெல்லாம் மனசு தெளிஞ்சிடுது. நான் மூணு வருஷமா உங்க பாடத்தைக் கேக்கறேன், ஒண்ணும் ஏறலை. எனக்கு எங்கே அடைப்புன்னு மட்டும் சொல்லிடுங்க."

நாச்சியம்மை செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். அங்கே பாறைமேல் பாசி கருகிக் காய்ந்து கிடந்தது. ஒரு கை நீர் தெளித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிலிர்த்து விரிந்து பச்சையாயிற்று.

"அட! இதுக்கு வேர் வேண்டாமா?"

"தண்ணி குடிக்கிற வேர் இதுக்கு இல்லை. உடம்பெல்லாம் வாய்."

"கொடுத்து வெச்சது" என்றார் குழந்தைவேலு, பொறாமையை மறைக்காமல். "ஆனா விரல் உயரம்கூட இல்லையே?"

"உயரம் வேணும்னா உள்ளே குழாய் வேணும். குழாய்தான் உங்க தொழிலாச்சே, வாங்க."

வெள்ளைப் பூ பூத்த காசித்தும்பைச் செடியில் இரண்டு கிளைகளை வெட்டி, சிவப்பு மை கலந்த நீரில் தனித்தனியே நிறுத்தினார்.

"ஒண்ணு உங்களுது. சிவப்பு பூவுக்குச் சீக்கிரம் ஏற என்ன வேணுமோ செஞ்சுக்குங்க."

குழந்தைவேலுவுக்குக் கை பரபரத்தது. காலமெல்லாம் கசிவை அடைத்த கை அல்லவா! இலை வழியாகத்தானே நீர் ஆவியாய்ப் போகிறது? தன் கிளையின் இலைகளை ஒன்றுவிடாமல் கிள்ளினார். கிள்ளிய இடமெல்லாம் மெழுகு வைத்தார்.

"இனிமே சொட்டு வீணாகாதும்மா. நேரா பூவுக்குத்தான்!"

இருவரும் வெயிலில் குந்திப் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாச்சியம்மையின் கிளையில், கண்ணாடி போன்ற தண்டுக்குள்ளே, நூலாக ஒரு சிவப்பு எழுந்தது.

"ஏறுதும்மா! ஏறுது!"

பெரிய மனிதர் வேட்டி அழுக்காவதைப் பாராமல் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். சிவப்பு ஒரு கணுவைத் தாண்டியது. இன்னொன்றையும் தாண்டியது. கீழே சாலையில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது அவர் காதில் விழவேயில்லை. "இலை நரம்புக்கு வந்தாச்சு! பாருங்கம்மா, பாருங்க!"

அப்புறம்தான் தன் கிளையைப் பார்த்தார். சிவப்பு அடித்தண்டிலேயே நின்றிருந்தது.

"இதென்ன அநியாயம்! எதுவும் வெளியே போக விடலையே நான்?"

"அதனாலதான்."

"மோட்டாரும் கிடையாது. அப்ப நூறடி மரத்துக்குத் தண்ணியை யாரு ஏத்தறது?"

"இலைதான். அது மேலே விட விட, கீழேயிருந்து இழுபட்டு வருது."

"கசிவுதான் மோட்டாரா!" துள்ளி எழுந்தார் குழந்தைவேலு. சந்தோஷத்தில் கை தட்டினார். "முப்பத்தஞ்சு வருஷம் இது தெரியாம இருந்திருக்கேனே! சொல்லுங்கம்மா, எனக்குள்ளேயும் இப்படி ஏறணும். நான் இன்னும் என்னென்ன கேட்டுக்கணும்?"

நாச்சியம்மை செம்பில் மிஞ்சிய நீரைப் பாசியின்மேல் ஊற்றினார்.

"இதுவரைக்கும் கேட்டதை யாருக்குச் சொன்னீங்க?"