பள்ளத்துக் கோதுமையின் வேர்

மலைக்காட்டுப் பள்ளம் ஒன்றில் காட்டெருமையும் முயலும் தவளையும் வயலெலியும் கூட்டாகக் கோதுமை விதைத்திருந்தன. முளைத்த பன்னிரண்டாம் நாள் நாற்றுகள் மஞ்சளாகத் தொடங்கின. காற்றே இல்லை. ஆனாலும் மூடுபனிக்குள் அவை ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. மண்ணுக்கடியில் யாரோ மூச்சுக்குத் தவிப்பதுபோல 'களக்... களக்...' என்று சத்தம் வேறு.

"தாகம்! பயிருக்குத் தாகம்! தினம் விடுகிற தண்ணீர் போதவில்லை, இன்னும் விடுங்கள்!" என்றது பயிர்க்காவல் பார்த்த தவளை.

காட்டெருமை ஓடையைத் திருப்பிவிட்டது. மறுநாள் இன்னும் இரண்டு வரிசை மஞ்சளானது.

"அப்படியென்றால் கீழேயிருந்து யாரோ வேரைக் கடிக்கிறார்கள்." தவளை கண்ணை உருட்டியது. "கீழே குடியிருப்பது யார்?"

எல்லாம் வயலெலியைப் பார்த்தன.

"வளையைக் கல்லால் அடைத்துவிடலாம்!" என்றது முயல்.

"உள்ளே என் குட்டிகள் நாலு இருக்கு! இன்னும் கண்கூடத் திறக்கலை!" என்று கத்தியது வயலெலி. "என் வளை மேட்டில் இருக்கிறது. அங்கே பயிர் பச்சையாகத்தானே நிற்கிறது? வாசலில் இருப்பதை விட்டுவிட்டுப் பள்ளத்துக்கு வந்தா கடிப்பேன்? ஒரு நாற்றையாவது பிடுங்கிப் பார்த்தீர்களா?"

"நோயாளியைப் பிடுங்குவதா? பாவம்!" என்றது தவளை.

"நாற்றைப் பிடுங்கினால் பாவம். என் பிள்ளைகளைப் புதைத்தால் புண்ணியமோ?"

காட்டெருமை கல்லை உருட்டிக்கொண்டு வந்தேவிட்டது. வயலெலி பாய்ந்து ஒரு நாற்றைப் பற்றியது. இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. உள்ளிருந்து யாரோ எடுத்துக் கொடுத்ததுபோல் கையோடு வந்தது. வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் பழுப்பேறி, வழவழவென்று நாறியது. தொட்டதும் தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சியது. பிடுங்கிய குழியில் தண்ணீர் ஊறி 'களக்' என்றது.

"பல் பட்ட தடம் எங்கே? காட்டுங்க அண்ணே!" என்று காட்டெருமையிடம் நீட்டியது வயலெலி.

காட்டெருமை மோந்து பார்த்தது. "தண்ணி தேங்கி மூச்சுமுட்டிச் செத்திருக்கு. நான்தானே திருப்பிவிட்டேன்..."

"எனக்குத் தண்ணீர் நல்லதாச்சே!" என்று முனகியது தவளை.

"உங்களுக்கு நல்லதுதான். நீங்கள் என்ன கோதுமையா?" என்றது வயலெலி.

ஓடையை அடைத்தன. வடிகால் வெட்டின. அழுகிய நாற்றுகளைத் தூரக் கொண்டுபோய்ப் புதைத்து, இறுகிய மண்ணைக் கொத்திவிட்டன. நான்கு நாளில் சத்தம் நின்றது. மிச்சப் பயிரில் புதுக்குருத்து பச்சையாக வந்தது. பாதிப் பள்ளம் வெறுமையாகவே கிடந்தது.

அந்தக் கல் மட்டும் வளை வாசலிலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னும் கிடக்கிறது. அதை அப்புறப்படுத்த வயலெலி விடவில்லை.

வேரைப் பிடுங்கிப் பார்க்காமல் பழி சொல்கிறவர்களுக்கு வைத்தியமும் தெரியாது, நியாயமும் தெரியாது.