நெருப்புக்காரி வேலாயி

ஒரு ஊர்ல ஒரு வேலாயி. ஊருன்னா பொடி ஊரு, ஊசி முனையில அந்த மாதிரி பல ஊரு உட்காரும். செல்லுன்னு பேரு. கேக்கறியா?

"ம்."

ஊரைச் சுத்தி வழவழன்னு ஒரு சவ்வு, அதுதான் மதில். நடுவுல உட்கரு. அங்க இருக்கற பெரியவர் ஊரு நடக்கற விதத்தை ஏட்டைப் பார்த்துப் படிச்சுச் சொல்வார். அதைக் கேட்டு ரைபோசோம்காரங்க டக்கு டக்குன்னு புரதம் பின்னுவாங்க. சுடலைன்னு ஒருத்தன், லைசோசோம்காரன், பையில அமிலத்தோட திரிவான். உடைஞ்சது நைஞ்சதைக் கரைச்சு, ஆகறதைத் திருப்பிக் குடுப்பான். சர்க்கரை உடைஞ்சு வந்ததை எரிச்சு எல்லாருக்கும் தெம்பு குடுக்கறது வேலாயி. மைட்டோகாண்ட்ரியாக்காரி. அவ வீட்டுக்கு ரெட்டைச் சுவர். உள்ள புகுபுகுன்னு அடுப்பு, அணையவே அணையாது.

அப்போ ஒரு நாள் மதில்ல டொக் டொக். பக்கத்து ஊர்லேர்ந்து சேதி. "உங்க ஊரைக் கலைச்சிருங்க."

வேலாயிக்குப் பதறிப்போச்சு. சேதின்னு வந்தா தெம்பு பத்தலைன்னுதான் வரும்னு அவளுக்குப் பழக்கம். அப்படித்தான் இருக்கும்னு இன்னும் கூட எரிச்சா. ஊரே தகிச்சுது. டொக் டொக். சேதி மாறல.

"ம்."

அப்புறம் மதில்கிட்டப் போய் மறிச்சு நின்னா. சேதி சவ்வைத் தொட்டதுமே கிசுகிசுன்னு உள்ள பரவிடுச்சு.

அப்புறம் உட்கருவுக்கு ஓடினா. "பெரியவரே, நமக்கு நோயில்ல நொடியில்ல. எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"தப்பு இல்ல தாயி. இதுவும் ஏட்டுல எழுதியிருக்கு."

"உடைசலைக் கரைச்சிருக்கேன், ஊரைக் கரைச்சதில்லையே," ன்னான் சுடலை. "கடைசியில என்னை யாரு கரைக்கறது?" அவனே சிரிச்சான். வேற யாரும் சிரிக்கல.

"நான் மாட்டேன்னா?" ன்னு கேட்டா வேலாயி. ரெட்டைச் சுவருக்கு நடுவுல அவ பூட்டி வச்சிருக்கற ஒரு புரதத்தைத் திறந்து வெளிய விட்டாத்தான் ஊரு கலையும்.

"நம்ம ஊரு இருக்கும். நம்மளைச் சுத்தி உருவாகறது உருவாகாது," ன்னார் பெரியவர்.

"என்ன உருவாகுது?"

"தெரியல தாயி. நமக்குக் கண்ணு ஏது?"

வேலாயி அடுப்புக்கிட்டத் திரும்பி வந்தா. சரியா தப்பான்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியல. திறந்துட்டா.

புகுபுகு... புகு... பு.

மதில் கொப்புளம் கொப்புளமா மடிஞ்சுது. ஒரு சொட்டு வெளிய சிந்தல. துண்டு துண்டா ஆனதைப் பக்கத்து ஊருங்க எடுத்துத் தின்னு பசியாறுச்சு.

"வேலாயி செத்துட்டாளா?"

ம்.

"எதுக்கு?"

அம்மா வயித்துல உன் கை துடுப்பு மாதிரி, விரலெல்லாம் ஒட்டிக் கிடந்துச்சு, கண்ணு. இப்பக் கையை விரி. என் விரலு உன் விரலுக்கு நடுவுல எப்படிப் போகுது பாரு. அங்கதான் அந்த ஊரு இருந்துச்சு.

அப்படியே பிடிச்சுக்க. கதை படுத்துருச்சு, நீயும் படு.