ராஜாவின் குதிரைக்கு நாடுகடத்தல்

நெடுங்குன்றத்து ராஜா சேதுவர்மருக்குக் கோபம் வந்தால் அரண்மனைப் பூனைகூட மூச்சுக் காட்டாது. அன்றைக்கு அந்தக் கோபமெல்லாம் கணக்கர்கள்மேல்.

"சீனத்து வியாபாரியிடம் மணிச்சட்டம் வாங்கிக் கொடுத்தேனே, என்ன பிரயோஜனம்?" என்று சபையில் பொரிந்து தள்ளினார். "சோழி பரப்பிக் கணக்குப் போட்ட காலத்திலும் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் முடித்தார்கள். மணியைத் தள்ளினால் கணக்கு பறக்கிறதாம். இப்போதும் விளக்கு வைக்கிற நேரம்தான்! சோம்பேறிகள்! நாளைக் காலையில் குடும்பத்தோடு நாட்டை விட்டே போகட்டும்!"

தலைமைக் கணக்கர் ஆவுடையப்பருக்கு மகள் கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, பாவம். கண்ணீரும் கம்பலையுமாக அரசவை விகடன் திருமேனியிடம் ஓடினார்.

"மூட்டையைக் கட்டுங்க அண்ணாச்சி," என்றான் அவன்.

"நீயுமா இப்படிச் சொல்றே?"

"கட்டுங்க. உங்ககூட இன்னொருத்தரும் வர்றார்."

பொழுது விடிந்தது. கோட்டை வாசலில் கணக்கர் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு நின்றன. எல்லோருக்கும் முன்னால், முதுகில் ஒரு கொள்ளு மூட்டையோடு, ராஜாவின் புதுக் குதிரை!

மாடத்திலிருந்து பார்த்த ராஜா தடதடவென்று இறங்கி வந்தார். "அடேய் திருமேனி! என் குதிரையை ஏன்டா இங்கே நிறுத்தினாய்?"

"நாடு கடத்துகிறேன் மகாராஜா. சுத்தச் சோம்பேறி! கிழக் குதிரையில் சவாரி போனபோதும் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவீர்கள். காற்றாய்ப் பறக்கும் என்று இதை வாங்கினீர்கள். இதுவும் அதே நேரத்துக்குத்தானே கொண்டுவந்து விடுகிறது?"

"முட்டாளே! அந்தக் கிழத்தில் மாந்தோப்பு வரைதான் போவேன். இதில் மலையடிவாரமே போய்விட்டு வருகிறேன். இன்னும் வேகமான குதிரை கிடைத்தால் மலைக்கு அந்தப் பக்கமும் போவேன்!"

"அப்படியா சங்கதி! ஆவுடையப்பரே, சோழி காலத்தில் மகாராஜா என்ன கேட்பார்?"

"அடுத்த கிரகணம் என்றைக்கு என்று."

"மணிச்சட்டம் வந்த பிறகு?"

"வரப்போகிற நூறு வருஷத்துக் கிரகணம் எல்லாம்... அப்புறம் நாட்டு ஏரிகளில் எத்தனை குடம் தண்ணீர் என்று... நேற்று, மழை பெய்தால் எத்தனை துளி விழும் என்று..."

ராஜாவின் மீசை துடித்தது. முகத்தில் அசடு வழிந்தது. "சரி சரி, மூட்டையை இறக்குங்கள். யாரும் எங்கேயும் போக வேண்டாம். திருமேனி, உனக்கு என்ன வேண்டும், கேள்."

"கணக்கர்களுக்கு ஒருநாள் ஓய்வு, மகாராஜா."

"இவ்வளவுதானா? தந்தேன்! கணக்கறையைப் பூட்டிவிடு."

"அதைப் பூட்டினால் போதாது மகாராஜா. அன்றைக்கு மட்டும் தங்களுக்கு ஒரு சந்தேகமும் வரக்கூடாது."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், சட்டென்று திரும்பினார்.

"ஏன் ஆவுடையப்பரே, ஒரு மனுஷன் ஆயுசில் மொத்தம் எத்தனை தடவை சிரிப்பான்?"

ஆவுடையப்பர் குனிந்து, இறக்கிவைத்த மூட்டையை மறுபடியும் தூக்கிக்கொண்டார்.