ராஜா ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்டது

ஆலங்குறிச்சி சமஸ்தானத்து ராஜா சொக்கலிங்க பூபதிக்குப் பிறந்ததிலிருந்து ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசவேண்டிய தேவை வந்ததே இல்லை. 'வெற்றிலை' என்பார். மடித்த வெற்றிலை வாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும். 'குதிரை' என்பார். சேணம் போட்ட குதிரை வாசலில் நிற்கும். கொண்டு வா, கொடு, கட்டு, அவிழ் என்பதையெல்லாம் ஏவலாட்களே மனசுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டியது. சீக்கிரம் என்று சொல்லவும் வேண்டாம். அந்த அரண்மனையில் மெதுவாக நடந்தவன் எவனும் இல்லை. 'நீ' என்றுகூட யாரையும் கூப்பிட்டதில்லை. மோவாயை அசைப்பார், அந்தத் திக்கில் நிற்பவன் ஓடுவான்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சேதி வந்தது. பக்கத்து சமஸ்தானத்து ராஜா துரையோடு ஆங்கிலத்திலேயே பேசிவிட்டாராம். துரை கைகுலுக்கினாராம். பூபதிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கல் கழிந்ததும் அதே துரை இங்கேயும் வருவதாக இருந்தது.

அதுவரை துரைமார் பேச்சைத் தமிழாக்கிச் சொல்லிப் பிழைத்து வந்தவர் துபாஷி வரதையா. ராஜாவே பேசிவிட்டால் தன் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ரொம்பப் பணிவாக ஒரு யோசனை சொன்னார். சபையில் இருக்கும் நல்லபெருமாள் இளவயதில் துறைமுகத்தில் துரைமாரிடம் வேலை பார்த்தவர். அவரே கற்றுக்கொடுக்கட்டும். துரை வரும்போது மகாராஜாவுக்குப் பேச்சு வராவிட்டால், நல்லபெருமாள் பெண்டாட்டி பிள்ளையோடு எல்லை தாண்டிப் போகட்டும். ராஜாவுக்கு இது நியாயமாகப் பட்டது. நல்லபெருமாளை யாரும் கேட்கவில்லை.

பாடம் ஆரம்பித்தது. ஐ என்றால் நான், யூ என்றால் நீ, பிரிங் என்றால் கொண்டு வா, க்விக்லி என்றால் சீக்கிரமாக. ராஜா எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார். ஆனால் தண்ணீர் கேட்கச் சொன்னால் 'வாட்டர்' என்பதோடு நின்றுவிடுவார்.

"மிச்சம், மகாராஜா?"

ராஜா மோவாயை அசைப்பார். மிச்சத்தை நல்லபெருமாளே போட்டுக்கொள்ள வேண்டியது.

பொங்கலுக்குக் கரும்பு வந்து இறங்கிவிட்டது. நல்லபெருமாள் வீட்டில் மனைவி வடிவு பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் குழந்தை செண்பகம் நன்றாக நடப்பாள், ஓடுவாள். பேச மட்டும் மாட்டாள். அன்றைக்கும் அவள் பால் டம்ளரைத் திரும்பிப் பார்த்தாள். நல்லபெருமாள் உடனே எடுத்து நீட்டினார்.

"அவ பார்க்கறதுக்குள்ள நீங்க நீட்டிடறீங்க. அப்புறம் அவளுக்கு வாய் எதுக்கு? கொட்டாவி விடவா?" என்றாள் வடிவு.

நல்லபெருமாள் டம்ளரைக் கீழே வைத்தார். குழந்தையைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார்.

"மூட்டையை அவிழ்" என்றார்.

மறுநாள் ராஜாவிடம் ஓர் ஆணை கேட்டு வாங்கினார். துரை வந்து போகும்வரை மகாராஜா ஆங்கிலத்தில் எதைச் சொல்கிறாரோ அதை மட்டும் செய்யவேண்டும். சொல்லாததைத் தானாகச் சேர்த்துச் செய்கிறவனுக்குக் கசையடி. இவ்வளவுதானா என்று ராஜா முத்திரை போட்டுக் கொடுத்தார். ஏவலாட்களுக்கும் தேவையான சொற்களை நல்லபெருமாள் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலத்துக்குள் குதிரைக்காரன் வரைக்கும் ஆங்கிலம் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை. காரச் சட்னியோடு தோசை சாப்பிட்ட ராஜா, "வாட்டர்" என்றார்.

எல்லோரும் வணங்கினார்கள். ஒருவரும் நகரவில்லை.

"வாட்டர்."

"ஆமாம் மகாராஜா, வாட்டர்" என்றார் நல்லபெருமாள்.

வரதையா செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நல்லபெருமாள் ஆணையை விரித்துக் காட்டினார். வரதையா செம்போடு அப்படியே நின்றார். கீழே வை என்றும் மகாராஜா சொல்லவில்லை, அதனால் வைக்கவும் பயம்.

ராஜாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "ஐ வாட்டர்" என்றார்.

"நான் தண்ணீர் என்கிறார் மகாராஜா" என்று நல்லபெருமாள் சபைக்குச் சொன்னார். சபை ராஜாவைக் கும்பிட்டது.

"யூ வாட்டர்."

"இப்போது நான் தண்ணீர் ஆகிவிட்டேன். மகாராஜாவின் கருணை" என்றார் நல்லபெருமாள்.

ராஜாவின் முகம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்தது. நாக்கைச் சுழற்றினார். வாழ்நாளில் சொல்லாத ஒன்று தொண்டையிலிருந்து கிளம்பி வந்தது.

"யூ... பிரிங்... வாட்டர்."

வரதையா கிளம்பினார். எப்படி வரவேண்டும் என்று ஆணை இல்லாததால், மாப்பிள்ளை ஊர்வலம் போல ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்தார்.

"க்விக்லி" என்று ராஜா போட்ட சத்தத்தில் லாயத்துக் குதிரை கனைத்தது. தண்ணீர் ஓடி வந்தது.

அதற்குப் பிறகு ராஜாவுக்குத் தடையே இல்லை. பசியும் தாகமும் முதுகு அரிப்பும் ஒவ்வொன்றாகப் பாடம் நடத்தின. பொங்கல் கழிந்து துரை வந்தார். ராஜா வாசலுக்கே போய், "யூ கம் இன். யூ சிட் ஹியர். வீ ஈட் ஸ்லோலி" என்றார். துரை கைகுலுக்கினார், உட்கார்ந்தார், மெதுவாகச் சாப்பிட்டார். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாததால் வரதையா பாயசம் பரிமாறினார்.

துரையின் பல்லக்கு கண்ணுக்கு மறைவதற்குள் ராஜா நல்லபெருமாளைத் தட்டிக்கொடுத்து, தொழுவத்துப் பக்கம் மோவாயை அசைத்தார்.

"கவ்" என்றார்.

நல்ல கறவைப் பசு. மாட்டுக்காரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். நகரவில்லை. அவன் முதுகு, அவன் பயம்.

நல்லபெருமாள் பசுவைப் பார்த்தார். பசு நல்லபெருமாளைப் பார்த்தது. ராஜா மெல்லச் சிரித்தார்.

"ஐ கிவ் யூ கவ்" என்று சொல்லி நிறுத்தினார். மாட்டுக்காரன் கயிற்றை அவிழ்த்தான். ராஜா தாடியைத் தடவிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். "டுமாரோ."

நாளைக்குத்தானே என்று மாட்டுக்காரன் கயிற்றைத் திரும்பவும் கட்டினான்.

நல்லபெருமாள் கைகட்டிச் சொன்னார்: "மகாராஜா, துரை இன்னும் எல்லையைத் தாண்டவில்லை. ராஜா இப்போதுதான் பேசக் கற்றுக்கொண்டார், அதற்குள் கொடுப்பதை நாளைக்குத் தள்ளிப்போடும் துரைமார் மாதிரியே பேசுகிறார் என்று ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள், "நௌ, நௌ" என்றார்.

'இப்போதே' என்று இரண்டு தடவை சொன்னதால், மாட்டுக்காரன் இரண்டு பசுக்களை அவிழ்த்துவிட்டான்.