சுட்டி விழுங்கிய சொல்

நாள் முழுக்க வாய் அசைப்பாள். நாலு வார்த்தை பேச மாட்டாள். அவள் யார்? விடை தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடாதீர்கள். அவள் பேசிய நாளும் ஒன்று இருந்தது.

மாடுகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஆயர்பாடியில் சுட்டி என்றொரு கன்று இருந்தாள். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அப்போதுதான் புல் கடிக்கப் பழகியிருந்தாள். அவள் பிறந்த அன்று யமுனையில் வெள்ளம். கண்ணன்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான். நடுங்கிய கன்றிடம், "நீ 'போகாதே' என்று சொன்னால் நான் எங்கும் போகமாட்டேன்" என்று வாக்கும் கொடுத்தான். அந்தச் சொல்லைச் சொல்லும் தேவை சுட்டிக்கு அதுவரை வரவில்லை.

ஒருநாள் விடியும்போது வடமதுரையிலிருந்து தேர் வந்து நின்றது. கண்ணன் போகப்போகிறானாம். திரும்பி வருவது நிச்சயமில்லையாம்.

சுட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. தேரிடம் ஓடிச் சக்கரத்தை முகர்ந்தாள். தாய் மயிலையிடம் ஓடி வந்து மடியில் வாய் வைத்தாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி தேரிடம் ஓடினாள்.

"ஓரிடத்தில் நில்லேன்டி!" என்றாள் மயிலை. அவள் மட்டும் நின்றாளா? முளையைச் சுற்றிச் சுற்றி வந்து அவள் கயிறே குட்டையாகிவிட்டது.

"குதிரைக்கு வந்த அவசரத்தைப் பார்!" என்று செருமினான் காரிக்காளை. "நம் சுட்டி ஒரு வார்த்தை சொல்லட்டும், வெறும் தேரை இழுத்துக்கொண்டு போகும்!"

"சொல்லிவிடு கண்ணே. உனக்குத்தானே வாக்குக் கொடுத்தான்?" என்றாள் மயிலை. "நீ தொடங்கு, நாங்களும் சேர்ந்துகொள்கிறோம்" என்றன மற்ற மாடுகள்.

அதற்குள் கண்ணனே வந்துவிட்டான். சுட்டியின் நெற்றியைத் தடவினான்.

"யாரிடம் போகிறாய்?" என்றாள் சுட்டி.

"என்னைப் பெற்ற அம்மாவிடம்."

"உன் அம்மா இங்கேதானே இருக்கிறாள்? உனக்குப் பயந்து வெண்ணெயை உறியில் ஏற்றி வைப்பாளே?"

கண்ணன் சிரித்துவிட்டான். "அவள் வளர்த்தவள். பெற்றவள் அங்கே சிறையில் இருக்கிறாள். நான் போனால்தான் பூட்டுத் திறக்கும்."

சுட்டி முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்தாள். "அவளிடம் எத்தனை நாள் பால் குடித்தாய்?"

"ஒரு வாய்கூட இல்லை. பிறந்த அன்றே பிரித்துக் கொண்டுவந்துவிட்டார்கள்."

சுட்டியின் கடைவாயில் இன்னும் பால்நுரை இருந்தது. போன மாதம் கன்றை இழந்த பசு ஒன்று, மடி கனத்து மூன்று நாள் கதறியதை அவள் கேட்டிருக்கிறாள்.

"நான் அந்தச் சொல்லைச் சொன்னால்?"

"தேரைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்றான் கண்ணன்.

சொல் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மந்தை முழுக்க அதே சொல்லை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. சுட்டி வாயை இறுக மூடினாள். சொல்லை விழுங்கினாள்.

மயிலை விழுங்கினாள். காரி விழுங்கினான். ஒவ்வொன்றாக மந்தையே விழுங்கியது. அவ்வளவு பெரிய சொல் தொண்டையில் இறங்கும்போது மற்ற சொற்களையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. 'ம்மா' ஒன்றுதான் மிஞ்சியது.

தேர் நகர்ந்தது. ஆற்றுத் திருப்பத்தில் ஒரு கணம் நின்றது. கண்ணன் திரும்பிப் பார்த்தான். விழுங்கிய சொல் சுட்டியின் வயிற்றில் தங்கவில்லை, குபுக்கென்று வாய்க்கு ஏறி வந்தது. அவள் அதை மென்றாள். மறுபடியும் விழுங்கினாள். தேர் மறைந்தது.

அன்று முதல்தான் மாடுகள் விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகின்றன. படுத்தாலும் அவற்றின் வாய் ஓய்வதில்லை. பால் மட்டும் குடிக்கும் இளங்கன்றுக்கு அந்த வேலை இல்லை. புல் மேயத் தொடங்கியதும் அதற்கும் அந்தச் சொல் ஏறி வருகிறது. கன்று அதை மென்று விழுங்கிவிடுகிறது.