காய்ந்த பிறகுதான் ஷேடு

எங்க ஊர்ல புத்திசாலிங்க நிறையப் பேர் இருக்காங்க. அவங்களைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? வேலைக்குப் போவாங்க, வருவாங்க, படுத்துக்கிடுவாங்க. நான் சொல்லப்போறது கொம்பையா மேஸ்திரி செட்டைப் பத்தி. தேரடி முக்குல மருந்துக்கடை வச்சிருக்கேன். இந்தக் கூத்துக்குச் சீசா கொடுத்த பாவி நான்தான்.

கொம்பையா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவரு. கைவேலை அவ்வளவு சுத்தம். எடை மட்டும் நூத்தி நாலு கிலோ. அவருகிட்ட மூணு பேர். பட்டமுத்து யோசிக்கிறவன். இசக்கி எட்டாப்பு வரைக்கும் போனவன், அதனால எதையும் வாசிக்கிற பொறுப்பு அவனுக்கு. ஆவுடைக்குச் சந்தேகப்படுறதுதான் வேலை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால காந்திமதிநாதன் அஞ்சு மாடியில ஒரு கல்யாண மண்டபம் கட்டினாரு. முழுக்க நாவல்பழ நிறம் அடிக்கணும்னு ஜோசியர் சொல்லிட்டாரு. அதோட விட்டாரா? மேஸ்திரி தன் கையால, கால் தரையில படாம, நல்ல நேரத்துல மண்டபச் சுவர்ல முதல் கோடு இழுக்கணுமாம். மாடிக்கு வெளிவேலை செய்யத் தொங்கு பலகை ஒண்ணு வந்து இறங்கிச்சு. அதுல எழுதியிருந்ததை இசக்கி வாசிச்சான்: “ஒரு ஆளுக்குத் தொண்ணூறு கிலோவுக்கு மேல் கூடாது.”

“என்ன கொம்பையா, உம்மை அது தாங்காது போலிருக்கே?”ன்னாரு காந்திமதிநாதன். “ஒரு மாசம் தாரேன். அதுக்குள்ள காம்பவுண்டுச் சுவரை முடிச்சிரும், உடம்பையும் குறைச்சிரும். இல்லேன்னா வேலை தெக்குத்தெரு செட்டுக்குத்தான்.”

கொம்பையாவுக்கு முகமே செத்துப்போச்சு. அஞ்சு மாடி வேலை வாழ்க்கையில ஒரு தடவைதான் வரும், அதுவும் தெக்குத்தெருக்காரனுக்கா? ஒரு முக்காலியில ஏறி நின்னு கோடு இழுத்திருந்தா விஷயம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அது யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை, பிறகு அவங்களை என்ன சொல்ல?

டாக்டரைப் பார்த்தாங்க. டாக்டர் கீட்டோ டயட்டு எழுதிக் கொடுத்தாரு. முட்டை, மீன், தேங்காய், நெய் எல்லாம் சாப்பிடலாம். “சோறு, இட்லி, தோசையை மட்டும் கையால தொடாதீங்க”ன்னு கண்டிச்சுச் சொன்னாரு. கொம்பையா சொன்ன சொல் தவறாதவரு. அன்னையில இருந்து ஒரு இட்லியைத் தொடலை. இசக்கிதான் ஊட்டிவிட்டான்.

கொழுப்பு கரைஞ்சா உடம்புல கீட்டோன் வரும். அது வருதான்னு வீட்டிலேயே பார்க்கிற காகிதப் பட்டைச் சீசாவுக்கு என்கிட்ட வந்தாங்க. நான் பொறுமையாத்தான் சொன்னேன். பட்டையோட நுனியை மூத்திரத்துல முக்கணும், பதினஞ்சு விநாடி கழிச்சு, சீசா மேல இருக்கிற கட்டங்களோட நிறத்தை ஒத்துப் பார்க்கணும். சந்தன நிறம்னா ஒண்ணுமில்லை. கடைசிக் கட்டத்து நாவல்பழம்னா கீட்டோன் நிறைய இருக்கு.

“அதையும் முழுசா நம்பிறக் கூடாது”ன்னேன். “தண்ணி நிறையக் குடிச்சா நிறம் வெளிறும், கம்மியாக் குடிச்சா அடர்த்தியாகும். எடை குறைஞ்சுதான்னு பட்டைக்குத் தெரியாது.”

“தண்ணி கலந்தா ஷேடு வெளிறும்னு எங்களுக்கே சொல்லுதீரா?”ன்னு பட்டமுத்து சிரிச்சான்.

ஒரு வாரம் கழிச்சு நாலு பேரும் வாடிப்போய் வந்தாங்க.

“கொம்பையா அண்ணாச்சி உடம்புல ஒண்ணும் நடக்கலை. ஏழு பட்டை, ஏழும் சந்தனம்”ன்னான் இசக்கி.

“எப்படி முக்கினீங்க?”

“முக்குறதா? சீசாவுல என்ன போட்டிருக்குன்னு பாரும். ‘ஈரம் படாமல் வைக்கவும்’னு இருக்கு. அதான் ஒரு சாண் மேல பிடிச்சுக் காட்டினோம்.”

தலையில அடிச்சுக்கிட்டு, வைக்கிறது வேற, முக்குறது வேறன்னு புரியவச்சு அனுப்பினேன். மறுநாள் முக்கியிருக்காங்க. பதினஞ்சு விநாடியில லேசா ரோஸ் தெரிஞ்சதும் இசக்கி சீசாவைப் பக்கத்துல கொண்டுபோனான். பட்டமுத்து அவன் கையைத் தட்டிவிட்டான்.

“ஏலே, நீ பெயிண்டர்தானா? ஈரத்துல எவனாவது ஷேடு பார்ப்பானா? காயட்டும்!”

“மருந்துக்கடைக்காரரு பதினஞ்சு விநாடின்னாரே?”

“அவரு எத்தனை சுவரு அடிச்சிருக்காரு?”

துணி காயப்போடுற கொடியில பட்டையைக் கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டாங்க. சாயந்தரம் கொம்பையா இன்னொரு யோசனை சொன்னாரு.

“ஒரு கோட்டுல எந்தச் சுவருலே பிடிச்சிருக்கு?”

நியாயந்தானே, சுவருன்னா ரெண்டு தடவை பூசணும்னு, ரெண்டாவது கோட்டுக்கும் முக்கினாங்க. மறுநாள் வெயில்ல எடுத்துப் பார்த்தா, பட்டை நல்லாக் கறுத்து நாவல்பழத்துல நிக்குது. கொம்பையா கண்ணுல தண்ணி வந்திருச்சு. “இளைக்கிறேன்டா”ன்னு மூணு பேரையும் கட்டிப்பிடிச்சிருக்காரு. அந்தச் சந்தோஷத்துல இசக்கி அன்னைக்கு நாலு தோசை கூடுதலா ஊட்டினான்.

ஆவுடை மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தான்.

“பட்டை பொய் சொல்லாதுன்னு என்ன நிச்சயம்? வேற எதிலாவது முக்கிப் பார்ப்போம்.”

டீயில முக்கினாங்க, மோர்ல முக்கினாங்க. சரிவரலை. கடைசியில, பெயிண்ட் கலக்கி வச்சிருந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டியில முக்கினாங்க. முக்கின உடனே நாவல்பழம்! காயக்கூட விடலை!

“அடேயப்பா! தொட்டிக்குமில்ல கொழுப்பு கரையுது!”ன்னான் பட்டமுத்து.

“கரையுதுன்னா தொட்டி இளைக்கணுமே?” ஆவுடை விடுவானா?

குச்சியை விட்டு அளந்தாங்க. திங்கக்கிழமை கழுத்து வரைக்கும் இருந்த தொட்டி, சனிக்கிழமை இடுப்புக்கு இறங்கியிருந்தது. ஆவுடை கையெடுத்துக் கும்பிட்டுட்டான்.

கடைக்கு ஓடிவந்து என்கிட்ட சொன்னாங்க. “பட்டை நூத்துக்கு நூறு சரி. தொட்டியே அரைத்தொட்டியா இளைச்சிருச்சு!” அந்தத் தொட்டியில இருந்து எடுத்துத்தானய்யா காம்பவுண்டுச் சுவருக்கு அடிக்கிறீங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன். கொம்பையா முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கிட்டேன். ஒரு தடவை எடை மெஷின்ல ஏறிப் பாருங்கன்னு மட்டும் கெஞ்சினேன். “நிறம் தெரியாதவங்களுக்குத்தான் நம்பர் வேணும்”னு பட்டமுத்து முடிச்சிட்டான்.

குறிச்ச நாளும் வந்தது. காலையில ஒன்பதுல இருந்து பத்து வரைக்கும் நல்ல நேரம். என்ன ஆகப்போகுதோன்னு கடையை அடைச்சிட்டு நானும் போனேன். மாடியில கப்பி கட்டி, அதுல கயிறு கோத்து, சுவரை ஒட்டிப் பலகை தொங்குது. அடியிலேயே தொட்டி, புதுசாக் கலக்கின நாவல்பழ நிறம் விளிம்பு வரைக்கும் நிக்குது. காந்திமதிநாதன் அரிசிக்கடையில இருந்து எடை மெஷின் கொண்டுவரச் சொல்லியிருந்தாரு.

கொம்பையா சிரிச்ச முகமா ஏறினாரு. நூத்தியெட்டு!

“என்னவே இது? நாலு கிலோ கூடியிருக்கு!”

“ஒரு கோட்டுல தெரியாது மொதலாளி”ன்னு பட்டமுத்து மறுபடி ஏத்தினான். அப்பவும் நூத்தியெட்டுதான். இசக்கி முப்பது நாள் பட்டையையும் மாலையாக் கோத்துக் கொண்டுவந்திருந்தான். காந்திமதிநாதன் அதைக் கையால தொடவே இல்லை.

“தெக்குத்தெருக்காரனுக்குப் போன் போடுதேன்”னு உள்ளே போயிட்டாரு.

கொம்பையா அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு. “ஒரு மாசமா ஒரு இட்லியைத் தொடலையேடா”ன்னு அழுதாரு.

பட்டமுத்து பலகையையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தான்.

“இசக்கி, அதுல என்ன எழுதியிருக்கு, மறுபடி வாசி.”

“ஒரு ஆளுக்குத் தொண்ணூறு கிலோவுக்கு மேல் கூடாது.”

“அண்ணாச்சி நூத்தியெட்டு. நாம நாலு பேரும் ஏறி உட்கார்ந்து பங்கு போட்டுக்கிட்டா, ஆளுக்கு இருபத்தேழு கிலோதான வருது?”

ஆவுடை விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். முதல் தடவையா அவனுக்குச் சந்தேகமே வரலை.

“வேண்டாம்வே! இறங்குங்க!”ன்னு நான் கத்துறதுக்குள்ள நாலு பேரும் ஏறிட்டாங்க. அவங்களே கயிறைப் பிடிச்சு, “ஏலோ, ஏலோ”ன்னு தங்களைத் தாங்களே இழுத்துக்கிட்டாங்க. பலகை ஆள் உயரத்துக்குப் போச்சு. கயிறு ஒரு முனகல் முனகிச்சு. அப்புறம் பட்டுன்னு அறுந்தது.

தொட்டியில விழுந்த சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கு. நல்ல வேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நாலு பேரும் உச்சந்தலையில இருந்து சொட்டச் சொட்ட எந்திரிச்சாங்க. கொம்பையா தடுமாறிக் கையை நீட்டிச் சுவரைப் பிடிச்சாரு. பச்சுன்னு அஞ்சு விரலும் சுவர்ல பதிஞ்சு, கோடாக் கீழே இழுத்துக்கிட்டு வந்தது.

காந்திமதிநாதன் போனும் கையுமா ஓடிவந்தாரு. சுவரைப் பார்த்தாரு, கடிகாரத்தைப் பார்த்தாரு. மணி ஒன்பதே முக்கால். கொம்பையா காலைப் பார்த்தாரு. தொட்டிக்குள்ள இருக்கு. தரையில படலை.

“நல்ல நேரத்துல, மேஸ்திரி கையாலேயே, முதல் கோடு…” அவருக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியலை. “சரி போங்க, வேலை உங்களுக்குத்தான். வெளியே வந்து தொலைங்க!”

யாரும் வெளியே வரலை. அவரு சொன்னது அவங்க காதுல விழவே இல்லை. கொம்பையா இசக்கி இடுப்புல இருந்த சீசாவை வாங்கித் தன் கையோட ஒத்துவச்சுப் பார்த்துக்கிட்டிருந்தாரு.

“ஏலே பட்டமுத்து! கடைசிக் கட்டம்லே! உடம்பு பூராவும் கடைசிக் கட்டம்!”

“அவசரப்படாதீங்க அண்ணாச்சி. காயட்டும்.”

நாலு பேரும் தொட்டிக்குள்ளேயே கையை விரிச்சு வெயிலைப் பார்த்து நின்னாங்க. அரைமணி நேரம் நானும் காந்திமதிநாதனும் பார்த்துக்கிட்டிருந்தோம். நல்லாக் காய்ஞ்ச பிறகு, பட்டமுத்து மேஸ்திரியைச் சுத்திச் சுத்திப் பார்த்தான். காதுக்குப் பின்னால கொஞ்சம் வெளிறியிருந்தது.

“ஒரு கோட்டுல எந்தச் சுவருலே பிடிச்சிருக்கு?”ன்னாரு கொம்பையா.

நாலு பேரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மறுபடியும் பெயிண்டுக்குள்ள உட்கார்ந்தாங்க.